அநியாயமாக வேலையை விட்டு எடுத்தால் வழக்குப் போட முடியுமா? அமெரிக்காவின் 'அட்-வில்' முறை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பத்து ஆண்டுக்கு மேல் உதவியாளராக இருந்தார் ஒரு பெண். 2010 ஜனவரியில் ஒரு நாள் அவரைக் கூப்பிட்ட மருத்துவர், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலையில் குறை ஏதும் இல்லை. நல்ல உதவியாளர் என்று மருத்துவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் மீது தனக்கு ஏற்பட்டிருந்த ஈர்ப்பு குடும்பத்தைக் கெடுத்துவிடுமோ என்ற பயமும், அவரை எடுத்தே ஆக வேண்டும் என்ற மனைவியின் பிடிவாதமும்தான் காரணம். பாலினப் பாகுபாடு என்று சொல்லி அந்தப் பெண் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2013-இல் தோற்றார். மருத்துவர் அவரை மோசமாக நடத்தினாரா என்பது தன் முன்னால் உள்ள கேள்வி அல்ல, பாலினத்துக்காக நீக்கினாரா என்பதை மட்டுமே பார்க்க முடியும் என்றது நீதிமன்றம்.

படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஆனால் அமெரிக்காவில் வேலை இழந்த ஒருவர் தன் நிலைமையைப் புரிந்துகொள்ள இந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் லே ஆஃப் செய்தி வரும்போதெல்லாம், "காரணமே சொல்லாமல் எப்படி எடுக்கலாம், கேஸ் போட முடியாதா?" என்ற கேள்வி கிளம்புகிறது. அநியாயம் ஒன்று, சட்டவிரோதம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

'அட்-வில்' என்பது என்ன?

விருப்பம் இருக்கும் வரை வேலை என்பதுதான் பொருள். முதலாளி எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலும், நோட்டீஸ் கொடுக்காமலும் ஆளை எடுக்கலாம். தொழிலாளியும் அதே மாதிரி எழுந்து போகலாம். நம் ஊர் ஐ.டி. வேலையில் இரண்டு மாத, மூன்று மாத நோட்டீஸ் பீரியட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி இந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்த வரி இல்லாவிட்டாலும், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், வேலை அட்-வில்தான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கொள்கை அரசியலமைப்பில் எழுதப்பட்டதல்ல. 1877-இல் ஹொரேஸ் உட் என்ற வழக்கறிஞர் முதலாளி-வேலையாள் சட்டம் பற்றி எழுதிய நூலில் இதை விதியாக எழுதினார். அதற்கு அவர் காட்டிய தீர்ப்புகள் அந்த விதியைச் சொல்லவே இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நீதிமன்றங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1884-இல் டென்னசி உச்ச நீதிமன்றம், நல்ல காரணத்துக்காகவோ, காரணமே இல்லாமலோ, ஒழுக்கக்கேடான காரணத்துக்காகவோகூட முதலாளி ஆளை நீக்கலாம் என்று எழுதியது. ரயில் பாதைகளும் ஆலைகளும் வளர்ந்த காலம் அது. சுதந்திரம் இரு பக்கமும் சமம் என்று சொன்னார்கள். ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் மாத வாடகை கட்ட வேண்டிய மனிதர். இதில் சமம் எங்கே இருந்தது என்பதை அந்தத் தீர்ப்புகள் கேட்கவே இல்லை.

இன்று 50 மாநிலங்களில் மொன்டானா மட்டும் விலகி நிற்கிறது. 1987-இல் அது இயற்றிய சட்டப்படி, தகுதிகாண் காலம் முடிந்த ஊழியரை நீக்கத் தகுந்த காரணம் வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வருபவர்கள், அரசு ஊழியர்களில் பலர், காலவரை குறித்து ஒப்பந்தம் போட்டவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகத் தனிப் பாதுகாப்பு உண்டு. மற்றவர்கள் அட்-வில்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "டெக்சாஸ் 'ரைட் டு வொர்க்' மாநிலம், அதனால்தான் சட்டென்று தூக்கிவிடுகிறார்கள்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. சங்கத்துக்குச் சந்தா கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் ரைட் டு வொர்க். வேலைநீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எது சட்டவிரோதம்?

காரணம் இல்லாமல் நீக்கலாம். ஆனால் தடை செய்யப்பட்ட காரணத்துக்காக நீக்கக் கூடாது. சட்டம் முழுவதும் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

1. பாகுபாடு. 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றுக்காக ஒருவரை நீக்குவதைத் தடுக்கிறது. கர்ப்பமும் பாலினத்தில் அடங்கும் என்று 1978-இல் சேர்த்தார்கள். தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநரும் இதில் அடங்குவார்கள் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டமும், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியாக இருக்கின்றன. இவை சிறிய கடைகளுக்குப் பொருந்தாது. குறைந்தது 15 ஊழியர்கள், வயதுச் சட்டத்துக்கு 20 ஊழியர்கள் இருக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் பல இன்னும் கீழே வருகின்றன. கலிபோர்னியாவில் 5 பேர் இருந்தாலே போதும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான்.

2. பழிவாங்கல். இ.இ.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் பல ஆண்டுகளாகவே அதிகம் வரும் புகார் இதுதான். பாகுபாடு பற்றிப் புகார் சொன்னதற்காகவோ, சக ஊழியருக்குச் சாட்சி சொன்னதற்காகவோ நீக்கினால் அது தனிக் குற்றம். முதல் புகார் கடைசியில் நிரூபணமாகாமல் போனாலும், நல்லெண்ணத்தோடு, நியாயமான நம்பிக்கையில் சொன்னதாக இருந்தால் பாதுகாப்பு நிற்கும். ஓவர்டைம் கேட்டது, பாதுகாப்புக் குறையைச் சொன்னது, சட்டப்படியான 12 வார மருத்துவ விடுப்பை எடுத்தது, சக ஊழியர்களோடு சம்பளத்தைப் பற்றிப் பேசியது ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் காவல் நிற்கின்றன. சம்பளத்தை வெளியே பேசக் கூடாது என்று மேனேஜர் சொல்வது வழக்கம்தான். மேலதிகாரிப் பொறுப்பில் இல்லாத தனியார் ஊழியர் விஷயத்தில், 1935 முதலே அது செல்லாது.

ஆனால் புகாரில் எழுதும் சொல் முக்கியம். "என் மேனேஜர் கத்துகிறார், மரியாதை இல்லாமல் பேசுகிறார்" என்று எழுதினால் சட்டம் கண்டுகொள்ளாது. எல்லோரிடமும் கத்துகிறவர் பாகுபாடு காட்டவில்லை என்று ஆகிவிடும். "கர்ப்பம் என்று சொன்ன பிறகு என்னை மட்டும் பிராஜெக்ட்டிலிருந்து எடுத்தார்" என்று எழுதினால் அந்த நிமிடமே அது பாதுகாக்கப்பட்ட புகார். இந்த வித்தியாசம் தெரியாமல் உண்மையான குறையைப் பொதுவான வருத்தமாக எழுதி அனுப்பிவிட்டு, பிறகு தவிப்பவர்கள் உண்டு.

3. பொதுநலனுக்கு எதிரான நீக்கம். இது நீதிமன்றங்கள் உருவாக்கிய விதிவிலக்கு. 1959-இல் கலிபோர்னியாவில், சட்டமன்றக் குழுவின் முன் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்த ஊழியரை நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. டெக்சாஸில் 1985-இல் வந்த வழக்கு இன்னும் எளிமையானது. படகில் வேலை பார்த்த ஒருவரிடம் அடித்தட்டில் தேங்கிய கழிவு நீரைக் கடலில் இறைத்து விடச் சொன்னார்கள். அப்படிச் செய்வது குற்றம் என்று படகிலேயே ஒரு பலகை மாட்டியிருந்தது. அவர் கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டுக் கேட்டார், குற்றம்தான் என்றார்கள். அவர் மறுத்தார், வேலை போனது. அவர் தளத்தைக் கழுவவில்லை, ரேடியோ கவனிக்கவில்லை, அதனால்தான் எடுத்தோம் என்றது கம்பெனி. சட்டவிரோதமான காரியத்தைச் செய்ய மறுத்தது ஒன்றே காரணம் என்றால் வழக்கு நிற்கும் என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். அந்த 'ஒன்றே' என்ற சொல் டெக்சாஸில் இன்றும் பெரிய தடைக்கல். நியூயார்க், ஜார்ஜியா, ஃபுளோரிடா நீதிமன்றங்கள் இந்தப் பொது விதிவிலக்கையே ஏற்கவில்லை. நியூயார்க்கும் ஃபுளோரிடாவும் முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களுக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

4. கொடுத்த வாக்கு. ஊழியர் கையேட்டில் "தகுந்த காரணம் இன்றி நீக்க மாட்டோம்", "மூன்று எச்சரிக்கைக்குப் பிறகே நடவடிக்கை" என்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தமாகலாம் என்று மிச்சிகன் 1980-இலும் நியூ ஜெர்சி 1985-இலும் தீர்ப்பளித்தன. கம்பெனிகள் சுதாரித்துக்கொண்டன. இன்று பெரும்பாலான கையேடுகளின் முதல் பக்கத்திலேயே 'இது ஒப்பந்தம் அல்ல' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மாசசூசெட்ஸில் 1977-இல் வந்த தீர்ப்பு வேறு வகை. 50 லட்சம் டாலர் ஆர்டர் வந்ததும் விற்பனையாளருக்கு நீக்கக் கடிதம் போனது; அவருக்குச் சேர வேண்டிய கமிஷனைத் தடுப்பதற்காக அப்படிச் செய்வது நல்லெண்ணத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். இதை ஏற்கும் மாநிலங்கள் சிலவே.

5. கூட்டமாக நீக்குவது. 100 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தாலோ ஓர் இடத்தை மூடினாலோ 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு 'வார்ன்' சட்டம். தராவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். நீக்குவதையே இந்தச் சட்டம் தடுக்காது. லே ஆஃப் ஆன பலர் இரண்டு மாதம் வேலை இல்லாமல் சம்பளப் பட்டியலில் மட்டும் இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

நிரூபிப்பது எப்படி?

'நீ பெண், அதனால் போ' என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அதனால் 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படிமுறை வகுத்தது. முதலில் ஊழியர் சந்தேகத்துக்கு இடமுள்ள சூழ்நிலையைக் காட்ட வேண்டும்: தகுதி இருந்தது, ஆனாலும் நீக்கப்பட்டார், அதே நிலையில் இருந்த மற்றவர்கள் நீக்கப்படவில்லை. அப்புறம் கம்பெனி ஒரு நியாயமான காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் சாக்கு என்று காட்டுவது மறுபடி ஊழியரின் வேலை.

வழக்கின் உயிர் இந்தச் 'சாக்கு' என்ற இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மூன்று ஆண்டாக ஒருவருக்கு 'எதிர்பார்ப்பைத் தாண்டியவர்' என்றே ரேட்டிங். மார்ச் 4-ஆம் தேதி, வயதைச் சொல்லி மேனேஜர் கேலி செய்கிறார் என்று எச்.ஆருக்கு மின்னஞ்சல் போடுகிறார். மார்ச் 18-ஆம் தேதி அவரை பி.ஐ.பி.யில் போடுகிறார்கள், அதாவது குறைகளைப் பட்டியலிட்டுத் திருந்தக் கெடு வைக்கிறார்கள். மே 2-ஆம் தேதி வேலை போகிறது. நேரில் சொன்ன காரணம் 'திறமைக் குறைவு'. வேலையின்மை உதவித்தொகை அலுவலகத்துக்குக் கம்பெனி எழுதிய காரணம் 'பதவியே ஒழிக்கப்பட்டது'. ஜூனில் அதே பதவிக்கு 29 வயது ஆள் வருகிறார். இதில் தனியாக எடுத்தால் எதுவுமே ஆதாரம் ஆகாது. தேதி வரிசையில் அடுக்கினால் கதை தானாகப் பேசும். வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே தேதிப் பட்டியலைக் கேட்பது இதனால்தான்.

அதற்காக ஆபீஸ் கோப்புகளை அள்ளிக்கொண்டு வரக் கூடாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், 62 வயதுப் பெண் ஒருவர் தன்னை நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ரகசிய ஆவணங்களை நகல் எடுத்து வைத்திருந்தார். வயதுப் பாகுபாட்டு வழக்கு உயிரோடு நின்றது. ஆனால் இந்த நகல் விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் அதற்காகவே நீக்கியிருப்போம் என்று கம்பெனி நிரூபித்தால், வேலை திரும்பக் கிடைக்காது, நஷ்ட ஈடும் அது தெரியவந்த நாளோடு நின்றுவிடும் என்று நீதிமன்றம் சொன்னது. நடந்ததை வீட்டில், சொந்த நோட்டில், தேதி போட்டு எழுதுங்கள். சொந்த ரேட்டிங் கடிதம், ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு இவற்றை வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பட்டியலையும் மென்பொருள் நிரலையும் தொடாதீர்கள்.

நாள் எண்ணிக்கை

நல்ல வழக்குகள் பல இங்கேதான் சாகின்றன. கோபம் ஆற மூன்று மாதம், ஊருக்குப் போய் வர ஒரு மாதம், வேலை தேட மூன்று மாதம், அதற்குள் கெடு போய்விடும்.

1. மத்தியச் சட்டங்களின் கீழ் பாகுபாட்டு வழக்குக்கு முன்னால் இ.இ.ஓ.சி.யில் புகார் பதிவு செய்தாக வேண்டும். நீக்கிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 180 நாள். மாநிலத்திலும் அப்படி ஒரு அமைப்பு இருந்தால் 300 நாள். கலிபோர்னியாவின் மாநில அமைப்புக்கு 3 ஆண்டு அவகாசம்.

2. ஆணையம் 'வழக்குத் தொடரலாம்' என்று கடிதம் கொடுத்த பிறகு 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

3. சங்க, சம்பளப் பேச்சு தொடர்பான நீக்கம்: தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு 6 மாதம்.

4. பணியிடப் பாதுகாப்புப் புகாருக்காகப் பழிவாங்கல்: வெறும் 30 நாள். பங்குச்சந்தை நிறுவனங்களின் நிதி முறைகேட்டை வெளிப்படுத்தியவர்களுக்கு 180 நாள்.

இன ரீதியான பாகுபாட்டுக்கு மட்டும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அதற்கு ஆணையப் புகார் தேவையில்லை, ஊழியர் எண்ணிக்கை வரம்பு இல்லை, 4 ஆண்டு அவகாசம்.

கையெழுத்துப் போடும் முன்

கடைசி நாள் கூட்டம் பெரும்பாலும் பத்து நிமிடம்தான். மேனேஜர், எச்.ஆர். ஒருவர், மேஜையில் ஒரு கவர். உள்ளே இருப்பது செவரன்ஸ் ஒப்பந்தம்: இத்தனை வாரச் சம்பளம் தருகிறோம், பதிலுக்கு எல்லா வழக்கு உரிமையையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தாருங்கள். பொதுவாக இந்தப் பணத்தைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அவர்கள் உங்கள் கையெழுத்தை விலைக்கு வாங்குகிறார்கள், எனவே பேரம் பேச இடம் உண்டு.

அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 40 வயது ஆனவர் என்றால், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை யோசிக்க 21 நாள், கூட்டமாக நீக்கியிருந்தால் 45 நாள், கையெழுத்துக்குப் பிறகு மனம் மாற 7 நாள் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே அவகாசம் கொடுக்கிறது. வயது குறைந்தவர்களும் ஒரு வாரம் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். இ.இ.ஓ.சி.யில் புகார் கொடுக்கும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. ஆனால் அந்தப் புகாரால் வரும் பணத்தை விட்டுக்கொடுத்திருப்பீர்கள்.

அதே வாரத்தில் மாநில வேலையின்மை உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். வேலையில் திறமை போதவில்லை என்று நீக்கியிருந்தாலும் பொதுவாகக் கிடைக்கும். வேண்டுமென்றே விதி மீறியவர்களுக்குத்தான் மறுப்பார்கள்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

இழந்த சம்பளம், சில நேரம் வேலை, வழக்கறிஞர் கட்டணம். மன உளைச்சலுக்கும் தண்டனை நஷ்ட ஈட்டுக்கும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: 15 முதல் 100 ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு 50 ஆயிரம் டாலர், 500-க்கு மேல் என்றால் 3 லட்சம் டாலர். அந்த எண்கள் 1991-க்குப் பிறகு ஏறவே இல்லை. முப்பது ஆண்டுக்கு மேலான விலைவாசியை நினைத்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்துக்கு இது பயப்பட வேண்டிய தொகை இல்லை. மாநிலச் சட்டங்களில் சிலவற்றுக்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இந்த வரம்பு கிடையாது. அதனால்தான் வழக்கறிஞர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் போடுவது என்று அவ்வளவு யோசிக்கிறார்கள். நீங்கள் வேறு வேலை தேடியதற்கான ஆதாரமும் வேண்டும். தேடாமல் இருந்தால் இழந்த சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள்.

வேலையில் சேரும்போதே நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், ஜூரி விசாரணைக்குப் பதில் தனி அறையில் ஒரு நடுவர் முன் வழக்கு நடக்கும். பாலியல் தொல்லை வழக்குகளுக்கு 2022-இல் இதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு

மற்றவர்களுக்கு 300 நாள் என்றால் இவர்களுக்கு முதலில் ஓடும் கடிகாரம் 60 நாள். வேலை போன பிறகு நாட்டில் இருக்கக் கிடைக்கும் சலுகைக் காலம் அதிகபட்சம் அவ்வளவுதான். அனுமதிச் சீட்டான ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புதிய நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, கார் கடன், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் இந்த 60 நாளுக்குள் முடிவாக வேண்டும். இந்த நெருக்கடியில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வழக்கு என்ற எண்ணத்தையே கைவிடுகின்றன.

இருந்தும் சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. பாகுபாட்டுச் சட்டங்கள் குடியுரிமை பார்ப்பதில்லை. விசாக் காலம் முடியும் முன் நீக்கினால், ஊழியர் நாடு திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். நீக்கியதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்காத நிறுவனம், சம்பளப் பொறுப்பிலிருந்து விடுபடாமல் மாட்டிக்கொள்ளலாம். பிராஜெக்ட் இல்லை என்று 'பெஞ்ச்'சில் உட்கார வைத்துச் சம்பளத்தை நிறுத்துவதும், அதைப் புகார் செய்ததற்காக நீக்குவதும் தடை செய்யப்பட்டவை. தொழிலாளர் துறையின் சம்பளப் பிரிவுக்கு 12 மாதத்துக்குள் எழுதலாம்.

வழக்குப் போட்டால் விசா நீளாது. ஆனால் ஊர் திரும்பினாலும் வழக்கு முடிந்துபோவதில்லை. சென்னையிலிருந்தே வழக்கறிஞர் மூலம் நடத்தலாம், வாக்குமூலத்தைப் பெரும்பாலும் வீடியோவில் கொடுக்கலாம். முகவரி மாறியதை மட்டும் ஆணையத்துக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். 'வழக்குத் தொடரலாம்' கடிதம் இப்போது பெரும்பாலும் இ.இ.ஓ.சி.யின் இணைய போர்ட்டலில்தான் வருகிறது. மின்னஞ்சலில் தகவல் வந்த நாளிலிருந்தே 90 நாளைக் கணக்கிட்ட நீதிமன்றங்கள் உண்டு. ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது வேலை போன அன்றே மூடப்பட்டிருக்கும். சொந்த மின்னஞ்சலைப் பதிவு செய்து, வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.